டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனாலும் தப்பு கடைக்குப் போகிறது: அசர்ஷன் எழுத எப்படிப் பழக்குவது?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். மதுரையில் ஆறு பேர் கொண்ட டீமை நடத்துகிறீர்கள். எல்லாரும் படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். கவரேஜ் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, டெஸ்ட்டுகள் எல்லாம் பாஸ் ஆகின்றன, அப்படியும் பில்லிங் சாஃப்ட்வேரில் இருக்கும் தப்பு முதலில் கடைக்காரர் கண்ணில்தான் படுகிறது. அசர்ஷன் என்பது, விடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டெஸ்ட்டில் நாம் எழுதும் சரிபார்ப்பு வரி. கடைசியில், "எந்த அசர்ஷன் லைப்ரரி நல்லது, ஒரு டெஸ்ட்டுக்கு எத்தனை அசர்ஷன் இருக்கலாம், மியூட்டேஷன் டெஸ்டிங் என்கிறார்களே, அதைத் தினமும் ஓட்ட வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் பதில் உண்டு, முடிவில் சொல்கிறேன். ஆனால் உங்களை உறுத்துவது அவை இல்லை என்று நினைக்கிறேன். எழுதிய ஒரு அசர்ஷன் நாளைக்கு எதையாவது பிடிக்குமா, இல்லை சும்மா நிற்குமா என்பது எழுதுகிறவருக்கே எப்படித் தெரியும், அந்தக் கண்ணை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் உங்கள் கேள்வி.

பதினேழு வருடமாக இதே ஊரில் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் பில்லிங், ஸ்டாக் புரோகிராம்கள் எழுதுகிறேன். சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு டெஸ்ட் எழுதச் சொல்லித்தருகிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் பணம், தேதி, பெயர், சரக்கு இவற்றைச் சுற்றியே இருக்கும். கேம், மெஷின் லேர்னிங் மாதிரி விடையே ஏறத்தாழ வரும் இடங்களில் இதில் பாதி பொருந்தாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். கவரேஜ் என்பது டெஸ்ட் ஓடியபோது புரோகிராமின் எந்த வரிகள் ஓடின என்ற கணக்கு, அவ்வளவுதான். ஓடிய வரி சரியான விடை தந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒரு அசர்ஷன்கூட இல்லாமல், எல்லா வரியும் ஓடும்படி ஃபங்ஷன்களைக் கூப்பிட்டுவிட்டு வந்தாலும் 100 சதவீதம் காட்டும். 90 என்ற எண், மீதிப் பத்தை யாரும் தொடவில்லை என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்கிறது. தொட்ட தொண்ணூறில் எவ்வளவு சரிபார்க்கப்பட்டது என்பதை அசர்ஷன்களைப் படித்தால்தான் சொல்ல முடியும். டீமில் கவரேஜ் எண்ணை இலக்காக வைத்திருந்தீர்களானால், பிள்ளைகள் அந்த எண்ணுக்காகத்தான் எழுதியிருப்பார்கள். "விடை காலியாக இல்லை", "தொகை பூஜ்யத்தைவிடப் பெரியது" என்ற மாதிரி வரிகள் நிறைய இருக்கும். தேடிப் பாருங்கள்.

எனக்கு இது உறைத்த விதம் இப்படி. கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் போட்டுக்கொடுத்திருந்தோம். பில் தொகையை முழு ரூபாயாக்கும் ஃபங்ஷனுக்கு டெஸ்ட்டும் இருந்தது: 113.50 கொடுத்தால் 114 வர வேண்டும். வந்தது. சில மாதம் கழித்து அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை, வயதானவர், பேனாவால் கூட்டிய தாள்களோடு கூப்பிட்டனுப்பினார். "தம்பி, உங்க புரோகிராம் அம்பது பைசாவ ஒரு பில்லுல ஏத்துது, இன்னொரு பில்லுல விட்டுருது. ஏதாவது ஒரு கட்சியில இருக்கச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. பைத்தான் 3-இல் ரவுண்ட் ஃபங்ஷன், சரி பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 113.50 என்பது 114 ஆகும், 112.50 என்பதோ 112 ஆகும். கடைக்காரருக்கு வேண்டியது 113. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவும் வரித் தொகையை முழு ரூபாயாக்கும்போது 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கொள், குறைந்தால் விட்டுவிடு என்றுதான் சொல்கிறது. அதே பைத்தானில் டெசிமல் வகையைப் பயன்படுத்தினாலும், ரவுண்ட் செய்யும் முறையை நாம் சொல்லாவிட்டால் இரட்டைப்படைப் பக்கமே சாயும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் 2.5 என்பது 3 ஆகும், ஆனால் -2.5 என்பது -2 ஆகும், -3 ஆகாது. சரக்குத் திரும்பி வந்து கழித்தல் தொகையில் பில் போடும் கடையில் இது ஒரு ரூபாய்ச் சண்டை.

எங்கள் டெஸ்ட்டில் இருந்த ஓட்டை எது என்று அன்றைக்கு நெடுநேரம் யோசித்தேன். அசர்ஷன் சரியான வடிவத்தில்தான் இருந்தது. எதிர்பார்க்கும் எண்ணும் சரி. ஆனால் எந்தத் தப்பைப் பிடிக்க அந்த வரி நிற்கிறது என்று எழுதும்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. "ரவுண்ட் தப்பாக இருந்தால் பிடிக்கும்" என்பது போதாது. எப்படித் தப்பாக? பாதியை எப்போதும் கீழே தள்ளும் புரோகிராமை 113.50 பிடித்துவிடும். பைசாவை அப்படியே வெட்டும் புரோகிராமையும் பிடிக்கும். இரட்டைப்படைக்குச் சாயும் புரோகிராமை மட்டும் பிடிக்காது. ஒரு அசர்ஷனின் பலம் அது தோற்கடிக்கும் தப்பான புரோகிராம்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்த ஒன்றை உங்கள் ஆறு பேரும் உள்ளே வாங்கிவிட்டால், மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைவிடும்.

அடுத்தது எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து வருகிறது என்பது. புதியவர்கள் பெரும்பாலும் ஃபங்ஷனை ஓடவிட்டு, வந்த எண்ணை எடுத்து அசர்ஷனில் ஒட்டுகிறார்கள். இன்று ஏஐ எழுதித்தரும் டெஸ்ட்டுகளிலும் இதே பழக்கத்தை நிறையப் பார்க்கிறேன்: இருக்கும் புரோகிராமைப் படித்து, அது என்ன செய்கிறதோ அதையே சரி என்று எழுதிவிடுகிறது. தராசு சரியா என்று பார்க்க, அதே தராசில் நிறுத்து வெட்டிய கல்லை வைப்பது போல. தராசு எவ்வளவு கோணலாக இருந்தாலும் முள் நடுவில் நிற்கும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு வேலை செய்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அங்கே வியாபாரம் விடிவதற்குள் சூடுபிடித்துவிடும். அதிகாலை நாலரைக்கு மல்லி எடை போட்டு பில் அடிக்கிறார்கள். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நமக்குக் காலை 4:30 என்பது அதற்கு முந்தின நாள் இரவு 11:00. விடியற்கால பில் எல்லாம் நேற்றைய தேதியில் விழுந்தன. ஏப்ரல் 1 அதிகாலையில் போட்ட பில் மார்ச் 31 என்று விழுந்தால் அது போன நிதியாண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். டெஸ்ட் இருந்ததா என்றால் இருந்தது. பில் தேதி இன்றைய தேதிக்குச் சமம் என்று ஒரு வரி. அந்த "இன்றைய தேதி"யையும் அதே யூடிசி சர்வரிடமே கேட்டு வாங்கியிருந்தோம். இரண்டு பக்கமும் ஒரே தப்பு, ஆகவே என்றைக்கும் சமம். திருத்தம் எளிது: கடிகாரத்தை டெஸ்ட்டின் கையில் கொடுங்கள், "ஏப்ரல் 1 காலை 4:30, இந்திய நேரம்" என்று நிறுத்துங்கள், எதிர்பார்க்கும் தேதியாக ஏப்ரல் 1 என்று கையால் தட்டச்சு செய்யுங்கள். எதிர்பார்க்கும் பக்கத்தில் கணக்கு எதுவும் நடக்கக் கூடாது. காகிதத்தில் போட்ட விடை, கடைக்காரர் சொன்ன விடை, சட்டத்தில் இருக்கும் விடை, இப்படிப் புரோகிராமுக்கு வெளியே பிறந்த ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன விடை என்றேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது நம் மொழியிலேயே இருக்கிறது. "ஆயிரத்துக்கு மேல வாங்குனா டோர் டெலிவரி ஃப்ரீ" என்று ஒருவர் சொல்கிறார். சரியாக 1,000 ரூபாய்க்கு வாங்கினால்? "மேல்" என்ற சொல் பேச்சில் இரண்டு விதமாகவும் புழங்குகிறது. என் அனுபவத்தில் பத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் பதில் ஒன்றாக வராது. சிலர் "அட, ஆயிரம்னா குடுத்துர வேண்டியதுதான்" என்பார்கள், சிலர் கணக்காக நிற்பார்கள். புரோகிராம் எழுதுகிறவர் தன் மனதில் தோன்றிய குறியை, பெரியது என்றோ, பெரியது அல்லது சமம் என்றோ போட்டுவிட்டுப் போய்விடுகிறார். 500-க்கு ஒரு டெஸ்ட், 2,000-க்கு ஒரு டெஸ்ட் எழுதினால் இரண்டு குறிக்கும் பாஸ் ஆகும். 999.99, 1,000.00, 1,000.01 என்று மூன்று அசர்ஷன் எழுத உட்கார்ந்தால், நடு வரியில் கை நின்றுவிடும். என்ன போடுவது என்று தெரியாது. போன் போட்டுக் கேட்டாக வேண்டும். அந்தக் கை நிற்கும் இடத்துக்காகவே நான் அசர்ஷனை மதிக்கிறேன். தப்பைப் பிடிப்பதற்கு முன்பே, கேட்க மறந்த கேள்வியை அது கேட்கவைக்கிறது. தள்ளுபடி வரம்பு, கடன் தவணை நாள், காலாவதித் தேதி, "வரை" என்று வரும் எந்த வாக்கியமும் இப்படித்தான். 31-ஆம் தேதி வரை என்றால் 31 சேர்த்தியா இல்லையா?

அசர்ஷன் என்ற சொல் புரோகிராம் உலகத்துக்குள் வந்த கதையையும் சொல்லத் தோன்றுகிறது, பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. 1949-இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் ஒரு சிறு கட்டுரை வாசித்தார். ஒரு பெரிய புரோகிராம் சரிதான் என்று ஒருவர் எப்படிச் சரிபார்ப்பது என்பது கேள்வி. எழுதியவர் ஆங்காங்கே திட்டவட்டமான அசர்ஷன்களை வைத்துவிட்டால், சரிபார்ப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முழுதும் சரி என்ற முடிவுக்கு வரலாம் என்றார். அதற்கு அவர் காட்டிய உவமை கூட்டல் கணக்கு. நீளமான கூட்டலில் மொத்தத்தை மட்டும் கொடுத்தால், ஒரு இலக்கத்தில் மிஞ்சுவது அடுத்த இலக்கத்துக்கு ஏறுவதால் சரிபார்ப்பவர் ஒரே மூச்சில் முழுவதையும் பார்க்க வேண்டும். ஒன்று, பத்து, நூறு என ஒவ்வொரு இலக்க வரிசையின் கூட்டையும் தனித்தனியே எழுதிவைத்தால் வேலை துண்டுதுண்டாகப் பிரிந்துவிடும். அந்தக் கணக்குப்பிள்ளை தாளின் அடியில் எழுதிவைத்திருந்த பக்கக் கூட்டுத் தொகைகள் அதே வேலையைத்தான் செய்தன. டூரிங் பேசியது புரோகிராமை நிரூபிப்பது பற்றி, நாம் பேசுவது உதாரணங்களை ஓட்டிப் பார்ப்பது பற்றி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் எங்கே தப்பியது என்பதை அடுத்த ஆள் சீக்கிரம் கண்டுபிடிக்கும்படி எழுது என்ற அறிவுரை இரண்டுக்கும் பொது.

அது நேராக ஃபெயில் ஆகும்போது வரும் செய்திக்குக் கொண்டுபோகிறது. பைத்தானோடு வரும் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்ட்டில் இரண்டு எண்ணை ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை உண்மையா என்று மட்டும் பார்க்கும் அசர்ட்ட்ரூவுக்குள் போட்டால், ஃபெயில் ஆகும்போது "பொய் மெய்யல்ல" என்ற பொருளில் ஒரு வரி வரும். உண்மைதான், ஆனால் இரவு பதினொரு மணிக்கு அதைப் பார்ப்பவருக்கு எந்த உதவியும் இல்லை. அதையே அசர்ட்ஈக்குவலில் எழுதினால் 112 என்பது 113 அல்ல என்று இரு எண்ணையும் காட்டும். பைத்தானின் இன்னொரு டெஸ்ட் கருவியான பைடெஸ்ட் சாதாரண அசர்ட் வரியையே உள்ளே மாற்றியெழுதி இரு பக்க மதிப்புகளையும் காட்டிவிடுகிறது, அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஜாவாவில் வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் எதிர்பார்க்கும் மதிப்பு முதலில், வந்த மதிப்பு இரண்டாவது. டெஸ்ட்என்ஜி என்ற இன்னொரு கருவியில் இது தலைகீழ். நம் பக்கத்தில், பிரவுசரை ஓட்டிச் சோதிக்கும் செலினியத்தோடு டெஸ்ட்என்ஜி பழகிவிட்டு ஜேயூனிட்டுக்கு வருபவர்கள் அதிகம். இடம் மாறினாலும் பாஸ், ஃபெயில் மாறாது. ஆனால் செய்தி "114 எதிர்பார்த்தேன், 113 வந்தது" என்று பொய் சொல்லும், ஆளை அரை நாள் தப்பான திசையில் அலையவிடும். கோ மொழியின் டெஸ்டிங் பேக்கேஜில் அசர்ட் ஃபங்ஷனே கிடையாது. இதைக் கொடுத்தேன், இது வந்தது, இது வந்திருக்க வேண்டும் என்று செய்தியைக் கையால் எழுத வேண்டும். எந்த மொழியில் வேலை செய்தாலும் இந்த மூன்றும் செய்தியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

இனி, தோற்கவே முடியாத அசர்ஷன்கள். உங்கள் ரெப்போவில் இவற்றில் குறைந்தது இரண்டு கட்டாயம் இருக்கும், தேடிப்பாருங்கள். பைத்தானில் அசர்ட்டுக்குப் பிறகு நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டால் அது ஒரு டியூப்பிள், அதாவது மதிப்புகளின் கட்டு, ஆகிவிடும், காலியாக இல்லாத டியூப்பிள் எப்போதும் உண்மை. ஒரு பட்டியலைச் சுற்றி லூப் போட்டு உள்ளே அசர்ஷன் வைத்தால், பட்டியல் காலியாக வந்த அன்று ஒரு அசர்ஷனும் ஓடாமல் டெஸ்ட் பாஸ் ஆகும். லூப்புக்கு முன்னால் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட்டில் எக்ஸ்பெக்ட் என்று எழுதிவிட்டு, எதற்குச் சமம் என்று சொல்லும் மேட்சரை மறந்தால் ஒன்றும் சரிபார்க்கப்படாது. பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் பிராமிஸின் முன், காத்திரு என்று சொல்லும் அவெய்ட்டை விட்டால், விடை வருமுன்பே டெஸ்ட் முடிந்துவிடலாம். எரர் வர வேண்டும் என்று பார்க்கும் டெஸ்ட்டில் பொதுவான எக்ஸெப்ஷன் எதுவானாலும் சரி என்று விட்டால், ஃபங்ஷன் பெயரில் எழுத்துப்பிழை இருந்து வரும் எரரையும் அது வரவேற்கும். எந்த வகை எரர், செய்தியில் எந்தச் சொல் என்பது வரை இறுக்க வேண்டும். கையிருப்பு பத்து மூட்டை இருக்க பன்னிரண்டு விற்கப் பார்த்தால் "கையிருப்பு போதாது" என்றுதான் தடுக்க வேண்டும், வேறு ஏதோ முறிந்து தடுத்தால் போதாது.

தமிழில் பெயர் சேமிக்கும் சாஃப்ட்வேர் என்றால் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது, வேறு எங்கும் சொல்லித்தரமாட்டார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். "பொங்கல்" என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். டெஸ்ட் ஃபெயில் ஆகி "பொங்கல்" என்பது "பொங்கல்" அல்ல என்று சொல்லும்போது புதியவர்கள் மிரண்டுபோவார்கள். இரண்டையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சமமாகிவிடும். சேமிக்கும் இடத்திலேயே மாற்றுங்கள். டெஸ்ட்டில் இரண்டு வடிவத்தையும் உள்ளே கொடுத்து, வெளியே ஒன்றே வருகிறது என்று அசர்ஷன் எழுதுங்கள். ஆனால் ஔகாரம் வேறு கதை. நம் ஊரில் "சௌராஷ்டிரா" என்று தொடங்கும் பெயர்ப்பலகைகள் எத்தனை! அந்த சௌ-வை ஔகாரக் குறியோடு எழுதுபவர்களும் உண்டு, ஒற்றைக் கொம்பு போட்டு ள என்ற எழுத்தையே பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. கண்ணுக்கு ஒன்று, யூனிகோடின்படி வேறு சொற்கள், என்எஃப்சி இதை ஒன்றாக்காது. ஔவையாரின் முதலெழுத்துக்கும் இதே கதி. தேடலில் இவை இரண்டும் கிடைக்க வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்து, அந்த முடிவை அசர்ஷனாக எழுதிவைக்க வேண்டும். நீளமும் அப்படித்தான்: "மதுரை" நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து. பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்கு ஆங்கிலப் பெயரில் மட்டும் டெஸ்ட் எழுதியிருந்தால் அது நம் வாடிக்கையாளரைச் சோதிக்கவே இல்லை.

இதுவரை சொன்னது அசர்ஷன் தளர்ந்து போவதைப் பற்றி. அளவுக்கு மீறி இறுகுவதும் கெடுதல்தான். வரிசைப்படுத்து என்று சொல்லும் ஆர்டர் பை இல்லாத ஒரு டேட்டாபேஸ் க்வெரியின் விடையை வரிசையோடு ஒப்பிட்டால், டேட்டாபேஸ் வரிசைக்கு எந்த வாக்கும் தரவில்லை என்பதால், ஒரு நாள் காரணமில்லாமல் ஃபெயில் ஆகும். அங்கே வரிசையை விட்டுவிட்டு உறுப்புகளை மட்டும் ஒப்பிட வேண்டும். பணத்தில் நேர் எதிர்: அங்கே தளர்வே கூடாது. 0.1 + 0.2 என்பது கணினியில் 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்துவிட்டு, ஏறத்தாழச் சமமானால் போதும் என்று விடும் பைடெஸ்ட்டின் அப்ராக்ஸைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அது வழக்கமாக விடும் இடைவெளி பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 25,00,000 ரூபாய் பில்லில் அது இரண்டரை ரூபாய். பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், சரிசமம் என்றே ஒப்பிடுங்கள். 100 ரூபாய்த் தள்ளுபடியை மூன்று சரக்குக்குப் பங்கிட்டால் 33.33 மூன்று முறை, கூட்டினால் 99.99. அந்த ஒரு பைசா எங்கே போயிற்று? இதற்கு உதாரண எண்களைவிட ஒரு விதியே நல்ல அசர்ஷன்: எந்தத் தொகையை எத்தனை பங்கு போட்டாலும் பங்குகளின் கூட்டு மூலத் தொகைக்குச் சமம், எந்த இரு பங்குக்கும் வித்தியாசம் ஒரு பைசாவுக்கு மேல் போகாது. பைத்தானில் ஹைப்பாதிசிஸ் என்ற லைப்ரரி இப்படிப்பட்ட விதியை வாங்கிக்கொண்டு தானே எண்களை உற்பத்தி செய்து உடைக்கப் பார்க்கும். ஹேஸ்கல் மொழியில் வந்த குவிக்செக்தான் இதற்கெல்லாம் மூத்தது.

முன்பு வந்த விடையைக் கோப்பில் சேமித்து, இன்றைய விடையை அதோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் டெஸ்ட் பற்றி எனக்கு உறுதியான தீர்ப்பு இல்லை. அச்சாகும் பில்லின் வடிவம் மாதிரி, மொத்தமாகப் பார்த்தால்தான் புரியும் விஷயத்துக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் ஃபெயில் ஆனதும் படிக்காமலே புதுப்பித்துவிடும் பழக்கம் டீமில் வந்துவிட்டால் அது வெறும் கோப்பு. உண்மைப் பகுதிக்குப் பதிலாக நிறுத்தும் போலியான மாக் பொருளை வைத்து "இந்த ஃபங்ஷன் கூப்பிடப்பட்டதா" என்று பார்ப்பதும் அப்படி. எஸ்எம்எஸ் போகிறதா என்பதற்கு வேறு வழியில்லை, ஸ்டாக் குறைந்ததா என்பதற்கு ஸ்டாக்கையே கேட்கலாம். இதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

சரி, ஆறு பேருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? நான் சனிக்கிழமை வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு பேராகப் பிரிப்பேன். ஒருவர் எழுதிய புரோகிராமையும் டெஸ்ட்டையும் மற்றவரிடம் கொடுத்து, புரோகிராமில் ஒரே ஒரு இடத்தைக் கெடுக்கச் சொல்வேன்: கூட்டலைக் கழித்தலாக்கு, பெரியது என்ற குறியில் சமத்தைச் சேர், ஒரு வரியை எடுத்துவிடு. டெஸ்ட் கத்தினால் எழுதியவருக்கு வெற்றி, கத்தாவிட்டால் கெடுத்தவருக்கு. அரை மணி நேரத்தில் "பூஜ்யத்தைவிடப் பெரியது" வகை அசர்ஷன்கள் தாமாகவே காணாமல் போகும், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஃபெயில் செய்தியை மட்டும் பிரிண்ட் எடுத்து, புரோகிராமைப் பார்க்காத மூன்றாவது ஆளிடம் கொடுத்து, என்ன தப்பு நடந்திருக்கும் என்று சொல்லச் சொல்வேன். அவர் முழித்தால் செய்தி சரியில்லை. அலுவலகத்தில் கோட் ரிவ்யூவின்போது ஒரே கேள்வி போதும்: "இந்த டெஸ்ட்டைத் தோற்கடிக்க எந்த இடத்தைக் கெடுக்கணும்?" பதில் சொல்லத் திணறினால் திட்டாதீர்கள், கூட உட்கார்ந்து கெடுத்துக் காட்டுங்கள். டெஸ்ட்டை முதலில் எழுதி, ஒரு முறையாவது அது சிவப்பாவதைக் கண்ணால் பார்த்த பிறகே புரோகிராமை எழுதுங்கள் என்ற பழைய அறிவுரையின் பயனும் இதுவே. தோற்பதை நாம் பார்த்த அசர்ஷனை நம்பலாம்.

தொடங்குவதற்கு எளிய இடம் உங்களிடமே இருக்கிறது. கடைக்காரர்கள் கடைசியாகச் சொன்ன ஐந்து தப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றும் கிளம்பிய ஃபங்ஷனுக்கு அப்போதே இருந்த டெஸ்ட்டைத் திறந்து, அது ஏன் கண்டுகொள்ளவில்லை என்று எல்லாரும் சேர்ந்து பாருங்கள். மதிப்பு தேர்வு தப்பா, எல்லையைத் தொடவில்லையா, எதிர்பார்க்கும் பக்கமும் அதே புரோகிராமா, அசர்ஷனே ஓடவில்லையா? ஐந்தில் ஒரு வகை திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் டீமின் பலவீனம் அதுதான். என் வகுப்பில் எல்லையைத் தொடாததுதான் அதிகம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

கடைசியாக உங்கள் மூன்று கேள்விகள். லைப்ரரி: ஜாவா என்றால் அசர்ட்ஜே படிக்க எளிது, செய்தியும் தெளிவு. பைத்தான் என்றால் பைடெஸ்ட்டுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜெஸ்ட் போதும், ஆனால் பொருள்களை ஒப்பிடும்போது டூஈக்குவல் மதிப்பில்லாத பண்புகளைக் கண்டுகொள்ளாது, டூஸ்ட்ரிக்ட்ஈக்குவல் கண்டுகொள்ளும், எது வேண்டும் என்று தெரிந்து போடுங்கள். எண்ணிக்கை: ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு அசர்ஷன் என்பதை விதியாக நான் ஏற்கவில்லை. ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு நடத்தை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு விற்பனை நடந்தால் பில் எண், தொகை, குறைந்த ஸ்டாக் மூன்றையும் ஒரே டெஸ்ட்டில் பார்ப்பதில் தப்பில்லை. மூன்றில் எது தோற்றது என்று செய்தியில் தெரிந்தால் போதும்.

மியூட்டேஷன் டெஸ்டிங் என்பது மேலே சொன்ன கெடுக்கும் விளையாட்டைக் கணினியே செய்வது. 1971-இல் ரிச்சர்ட் லிப்டன் மாணவராக இருந்தபோது முன்வைத்த யோசனை, 1978-இல் டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் எழுதிய கட்டுரையால் பரவியது. ஜாவாவுக்கு பிட், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஸ்ட்ரைக்கர், பைத்தானுக்கு மியூட்மியூட் (mutmut) இருக்கின்றன. ஒவ்வொரு சிதைவுக்கும் டெஸ்ட்டை மறுபடி ஓட்டுவதால் நேரம் பிடிக்கும். சில சிதைவுகள் புரோகிராமின் விடையையே மாற்றாது, அவற்றை எந்த அசர்ஷனாலும் பிடிக்க முடியாது, ஆகவே 100 சதவீதம் என்று இதிலும் ஒரு இலக்கு வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் வேண்டாம். பணத்தைத் தொடும் பேக்கேஜ்களுக்கு மட்டும், அன்றைக்கு மாறிய ஃபைல்களில், இரவில் ஓடவிட்டு, காலையில், எந்த டெஸ்ட்டிலும் மாட்டாமல் தப்பிப் பிழைத்த சிதைவுகளை ஒருவர் பத்து நிமிடம் படித்தால் போதும். அந்த ஒருவர் தினமும் மாறட்டும்.